சுமை சென்ற வழி

கொடைக்கானலுக்கு நான் பத்துப் பன்னிரண்டு தடவை போயிருக்கிறேன். ஆயினும் அந்த மலையில் நான் ஏறியது சென்ற தை மாதத்தில்தான். வத்தலக்குண்டைத் தாண்டியதும் பஸ்ஸின் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, வயிற்றைப் புரட்டும் வளைவுகளைக் கண்ணை மூடிக் கழித்துவிட்டு, சில மணி நேரத்தில் ஏழாயிரம் அடி உயரத்துக் குளிரில் போய் இறங்குவதை மலையேறுவது என்று எவ்வாறு சொல்வது? மலை நம்மைத் தூக்கிக்கொண்டு போய் உச்சியில் இறக்கிவிடுகிறது. நாம் அதன் மேல் ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை.

இந்த எண்ணத்தை எனக்குள் விதைத்தவர் என் தாயார். அவர் பெரியகுளத்தில் பிறந்தவர். வராக நதிக்கரையிலிருந்து வடக்கே நிமிர்ந்து பார்த்தால் ஆகாயத்தில் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கும் அந்த நீல மதிலைப் பார்த்தபடியே வளர்ந்தவர். அவருடைய பாட்டனார், மோட்டார் ரஸ்தா வருவதற்கு முந்திய காலத்தில், பதினேழு பதினெட்டுப் பிராயத்து இளைஞராக இருக்கும்போதே, துரைமார்களையும் துரைசானிகளையும் நாற்காலியில் உட்கார வைத்துத் தோளில் சுமந்து மலையேறியவர். நாற்காலி கிடைக்காத நாட்களில், மலைச்சரிவிலுள்ள வெள்ளகெவி என்னும் சிற்றூருக்குச் செல்லும் பாதையில் ஏறி ஆரஞ்சும் காப்பிக்கொட்டையும் சுமந்து இறக்கியவர். அந்தக் கிழவரின் வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு காய்ப்பு இருந்ததாகவும், தாம் சிறுமியாக இருந்தபோது அவர் மடியில் உட்கார்ந்து அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் என் தாயார் பல முறை சொல்லியிருக்கிறார். சொல்லி முடித்ததும், "அந்தப் பாதையில ஒரு தடவையாவது ஏறிப் பார்த்துரணும்" என்பார். வயது அறுபத்தொன்பது ஆகிவிட்டது. இனித் தள்ளிப்போடுவது தகாது என்று, பொங்கல் விடுமுறையில், காணும் பொங்கலன்று புறப்படுவதாக நிச்சயித்தோம். நான், என் மனைவி, பதினான்கு வயது மகள், பத்து வயது மகன், என் தாயார் ஆக ஐந்து பேர். வனத்துறையின் அனுமதியைப் பெற்றுக்கொண்டு, வெள்ளகெவியைச் சேர்ந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவரை வழித்துணையாக அமர்த்திக்கொண்டோம்.

கொடைக்கானலுக்கு இன்று பஸ்கள் செல்லும் மலைச்சாலை 1914-ஆம் ஆண்டில்தான் முற்றுப்பெற்றது. அதற்கு முன்னே, கோடை வெப்பத்துக்கு அஞ்சி மலைக்குச் சென்றவர்கள் அம்மையநாயக்கனூரில் ரயிலிலிருந்து இறங்கி (அந்த ஸ்டேஷனுக்குக் கொடைக்கானல் ரோடு என்ற பெயர் வந்தது இப்படித்தான்), மாட்டு வண்டியில் இரவெல்லாம் குலுங்கி, பெரியகுளத்துக்கு அருகில் மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைந்து, அங்கிருந்து குதிரையிலோ, நாற்காலியிலோ, கால்நடையாகவோ செண்பகனூர் வழியாக மேலே போவது வழக்கம். மலைமேல் 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆராய்ச்சி நிலையத்தில், எவர்ஷெட் என்பவர் 1909 ஜனவரியில் சூரியனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் உள்ளிருந்து வெளிப்புறம் நோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்து உலகப் புகழ் எய்தினார். அந்த வருஷத்திலும் மோட்டார் பாதை கிடையாது; ஆகவே அவர் கண் வைத்துப் பார்த்த கண்ணாடிகளும் இரும்புச் சட்டங்களும் மனிதர் தோளிலும் விலங்கின் முதுகிலுமே ஏறியிருக்க வேண்டும். எவர்ஷெட்டின் பெயர் விஞ்ஞான நூல்களில் இருக்கிறது. அக்கருவிகளைச் சுமந்தவர்களின் பெயரை எந்த ஏட்டில் தேடுவது? பெரியகுளத்துத் திண்ணைகளில், என் தாயாரைப் போன்ற பேத்திகளின் ஞாபகத்தில் சில பெயர்கள் தங்கியிருந்தன, அவையும் மறைந்துவருகின்றன.

வெள்ளகெவிப் பாதை தொடங்கும் கும்பக்கரையை நாங்கள் அடைந்தபோது காலை ஏழு மணி. கொடைக்கானல் மலையில் தோன்றும் பாம்பாறு, சமவெளியைத் தொடுவதற்கு முன் இங்கே பாறைகளின் மீது கடைசியாக ஒரு தரம் விளையாடிவிட்டுப் போகிறது. நீர் குடைந்த பாறைப் பள்ளங்களுக்கு யானை கெஜம், குதிரை கெஜம், பாம்பு கெஜம் என்றெல்லாம் ஜனங்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில வாரங்களே ஆகியிருந்தபடியால், ஆறு தெளிந்தும் நிறைந்தும் ஓடிக்கொண்டிருந்தது. என் தாயார் ஒரு கை நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, மலையை நோக்கிக் கும்பிட்டார். எங்கள் வழித்துணைவர் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைச் சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு, ஒரு கையில் மண்ணெண்ணெய்க் கேனும் மறு கையில் அரிவாளுமாக முன்னே நடந்தார். எங்களுக்கு வழிகாட்டுவதற்கென்று அவர் வெறுங்கையோடு மலையேறுவார் என நான் எண்ணியிருந்தது பெரும் பேதைமை. கீழே வந்தவர் எவரும் வெறுங்கையோடு மேலே போவதில்லை என்பது அவ்வூரின் வழக்கம் என்று பிற்பாடு அறிந்தேன்.

எங்கள் சுமைகளையும் சொல்லிவிடுகிறேன். கூடாரங்கள் இரண்டும் பாத்திரங்களுமாகப் பதினான்கு கிலோ என் முதுகில். போர்வைகளும் உணவும் என் மனைவியின் முதுகில். மகளிடம் ஆறு கிலோ எடையுள்ள ஒரு பை. மகனிடம் தண்ணீர்ப் புட்டியும் பிஸ்கட்டும். "அப்பத்தாவோட தாத்தாவுக்கெல்லாம் இது சுமையா?" என்று கூறிக்கொண்டே பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள் மகள்.

முதல் ஒரு மணி நேரம் இலவ மரங்களும் மாந்தோப்புகளும், பிறகு முட்புதர்கள். அப்பால், இலையுதிர்த்து நிற்கும் காய்ந்த காடு. இடுப்பளவு உயர்ந்து, கசக்கினால் எலுமிச்சை வாசம் வீசும் புல் மண்டிய சரிவுகள். பாதையில் ஆங்காங்கே, கல் பாவிய படிகள் தென்பட்டன. நடுவில் தேய்ந்து குழிந்திருந்த அந்தக் கற்களைப் பார்த்ததும் என் தாயார் சற்றே நிற்பார். பிறகு அந்தக் குழியிலேயே தம் காலையும் வைத்து ஏறுவார். நடையின் வேகத்தை நிர்ணயித்தவர் அவரே. நாற்பது அடி நடப்பதும் ஊன்றுகோலில் கைவைத்து நின்று பத்து மூச்சு விடுவதுமாக, தறி நெய்பவரைப் போல ஒரே தாளத்தில் அவர் ஏறினார். ஓடிப்போய் முன்னே நின்றும், களைத்து உட்கார்ந்தும், மறுபடி ஓடியும் வந்த என் மகன் பத்து மணிக்குள் சோர்ந்துபோனான். அவன் ஒரு பாறையில் சாய்ந்து உட்காரப் போனபோது வழித்துணைவர் திரும்பிப் பார்த்து, "தம்பி, நின்னுக்க, உக்காந்துராத. உக்காந்தா காலு வீட்டு நெனப்புக்குப் போயிரும்" என்றார். அதன் பிறகு அவனும் அப்பத்தாவின் பின்னால், அவரைப் போலவே பத்து மூச்சு எண்ணி ஏறத் தொடங்கினான்.

என் மகள் ஓர் உஷ்ணமானியைப் பையின் ஓரத்தில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்று அவளுக்கு நான் சொல்லியிருந்தேன். கும்பக்கரையில் 21 டிகிரி காட்டிய அந்தக் கருவி, நாங்கள் வெகு உயரம் ஏறி வந்த பிறகு, பத்து மணிக்கு, 26 டிகிரி காட்டிற்று. "அப்பா, மேல ஏற ஏற சூடு கூடுதே!" என்று அவள் திகைத்து நின்றாள். நாங்கள் ஏறிய வேகத்தைவிடச் சூரியன் ஏறிய வேகம் அதிகம் என்பதை விளக்கினேன். அவள் உடனே நோட்டுப் புத்தகத்தில் வெப்பத்துக்குப் பக்கத்திலேயே நேரத்தையும் குறிக்க ஆரம்பித்தாள். வாடிப்பட்டியிலிருக்கும் தன் சிநேகிதியிடம், அதே நேரங்களில் அங்கே எவ்வளவு டிகிரி என்று பிற்பாடு கேட்டு ஒப்பிட வேண்டும் என்றும் எழுதி வைத்துக்கொண்டாள். புத்தகத்தில் படித்த விதியைவிட, அந்த விதி பொய்த்தது போலத் தோன்றிய அந்த ஐந்து டிகிரிதான் அவளுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

பகல் பதினோரு மணி சுமாருக்குப் பாதையின் சுபாவம் மாறிற்று. இலையுதிர்ந்த மரங்கள் போய், பச்சை குன்றாத மரங்கள் வந்தன, மண் கறுத்தது, நீரோசை எங்கோ இடது புறத்தில் கேட்டது. திடீரென்று வழித்துணைவர் கையைப் பின்னால் நீட்டி எங்களை நிறுத்தினார். மூட்டையை அசையாமல் தலையில் வைத்தபடியே நின்றார். முப்பது கஜ தூரத்தில், பாதையின் குறுக்கே, மூன்று காட்டுமாடுகள் நின்றன. முழங்காலுக்குக் கீழே வெண்ணிறக் காலுறை அணிந்தாற்போன்ற கால்கள். எண்ணெய் பூசியது போன்ற கரிய உடல். ஒரு வீட்டுத் திண்ணையின் உயரம் போதாது, அதற்கும் மேலே நிமிர்ந்த திமில். அவற்றில் பெரியது எங்களை நோக்கி ஒரு பெருமூச்சு விட்டது. அந்த மூச்சின் ஓசை, உலைக்களத்துத் துருத்தியின் ஓசை போல, இன்னும் என் காதில் இருக்கிறது. கால் மணி நேரம் நாங்கள் ஐவரும் வாய் திறக்கவில்லை. அவை தம் சௌகரியம்போல மேய்ந்து, சரிவில் இறங்கி மறைந்த பிறகு, "அதுக வீடு இது, நாமதான் வழி விடணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

வெள்ளகெவியின் எல்லையை நாங்கள் தொட்டபோது பிற்பகல் மூன்று மணி. அங்கே வழித்துணைவர் தம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அவ்வூருக்குள் எவரும் காலணி அணிந்து நடப்பதில்லை. ஊரில் வீடுகளும் கோயில்களும் ஒன்றோடொன்று இடைவெளியின்றி நெருங்கி, எது வீட்டு வாசல், எது சந்நிதி என்று பிரித்தறிய இயலாதபடி அமைந்திருக்கின்றன; ஆகவே ஊர் முழுவதையும் ஒரே கோயிலாகப் பாவித்து ஜனங்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். பேத்தி வாங்கிக் கொடுத்த கான்வாஸ் ஜோட்டை அவிழ்த்ததும் என் தாயாரின் முகத்தில் ஒரு விடுதலை தோன்றிற்று. என் பிள்ளைகளோ, ஓர் அடி வைப்பதற்குள் இரண்டு தடவை முகம் சுளித்தார்கள். ஆனால் சிறிது தூரம் சென்றதும், வெயில் பட்ட கல்லையும் நிழலில் கிடந்த கல்லையும் பாதத்தாலேயே தெரிந்துகொண்டு, வெயில் கற்களாகப் பார்த்துக் கால் வைக்கலானார்கள்.

இந்தச் சிற்றூர், மேலேயுள்ள புகழ்பெற்ற கொடைக்கானல் நகரத்தைவிட மூத்தது. 1821 மே மாதத்தில் வார்டு என்ற ஆங்கிலேய நில அளவையாளர், வெள்ளகெவியில் தங்கியிருந்து, இங்கிருந்துதான் மேலே ஏறிப் போய் மலையைப் பார்வையிட்டார். அப்போது மேலே பங்களா இல்லை, ஏரியும் இல்லை. சமவெளியின் சுரத்துக்குத் தப்ப இடம் தேடிய அமெரிக்கப் பாதிரிமார்கள் அங்கே முதல் வீடுகளைக் கட்டியது 1845-இல். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கியது 1863-இல். அந்தப் பட்டணத்துக்குப் பஸ்ஸும் காரும் ஆயிரக்கணக்கில் ஏறிச் செல்கின்றன. நாங்கள் நின்ற இந்த மூத்த ஊருக்கோ, எங்கள் கால்கள் ஏறி வந்த இந்த வழியும் மேலே கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலுக்குச் செல்லும் வழியுமே பாதை.

வழித்துணைவரின் வீட்டுக் களத்தில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. தை மாதம் காப்பி பறிக்கும் காலம். செடியில் செக்கச் செவேலென்று பழுத்ததை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். ஒரே கொத்தில் பச்சையும் சிவப்பும் கலந்திருக்கும். என் மகன் ஒரு பழத்தை வாயில் போட்டுக் கடித்து, அதன் மெல்லிய தித்திப்பை அறிந்து, "காப்பி இனிக்குது!" என்று கூவினான். காப்பிக்கு நிழலாகப் பலாவும் ஆரஞ்சும் சில்வர் ஓக்கும், அவற்றின் மேல் மிளகுக் கொடி, இடையிடையே மலைவாழை. அவர் மனைவி, வீட்டிலேயே வறுத்து உரலில் இடித்த பொடியில் கருப்பட்டி போட்டு வரக்காப்பி கொடுத்தார். மதுரை ஓட்டல்களில் நெடுங்காலமாக நான் குடித்துவந்த காப்பி ஒருபுறம் இருக்கட்டும். எட்டு மணி நேர நடைக்குப் பின், ஆவி பறக்கும் அந்தப் பித்தளை டம்ளரில் நான் குடித்த காப்பிக்கு நிகரானதை அதற்கு முன்னும் பின்னும் குடித்ததில்லை.

இந்த விளைபொருள் அத்தனையும் வட்டக்கானலுக்குப் பொதிக்குதிரையில் ஏறுகிறது. உப்பும் அரிசியும் சிமென்டும் அதே குதிரையில் இறங்குகின்றன. விற்கும்போது ஒரு குதிரைக் கூலி, வாங்கும்போது ஒரு குதிரைக் கூலி என இரண்டு பக்கமும் அவர்கள் இழக்கிறார்கள். அதுவாவது பணத்தோடு போகிறது. நோயாளியை என்ன செய்வது? "டோலிதான்" என்றார் அவர்.

அந்தச் சொல்லைக் கேட்டதும், களத்தில் உட்கார்ந்து பாதத்தை அமுக்கிக்கொண்டிருந்த என் தாயார் தலை நிமிர்ந்தார். "யாரு தூக்குவாங்க?" என்று கேட்டார்.

"நாங்கதான் ஆத்தா. நாலு பேரு தோள் கொடுப்போம், நாலு பேரு கூடவே வருவோம். மாத்தி மாத்தித் தூக்கணும்ல."

"கம்பு இருக்கா? பாக்கலாமா?"

அவர் கோயில் மண்டபத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார். மூலையில், சுவரோடு சாய்ந்து, ஒரு நீண்ட யூகலிப்டஸ் கழி நின்றிருந்தது. அதன் நடுவில் போர்வை கட்டிய தழும்புகள். இரு முனைகளிலும், தோள் பட்ட இடங்களில், பட்டுத் துணி போல வழுவழுத்துப் பளபளக்கும் தேய்வு. என் தாயார் அந்தத் தேய்வின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெகு நேரம் எடுக்கவில்லை. தம் பாட்டனாரைப் பற்றி அவர்களிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இங்கே ஓர் அபிப்பிராயத்தை மறைக்காமல் எழுதியாக வேண்டும். சாலை இல்லாத ஓர் ஊரைக் காணும் ஆசையோடுதான் நான் புறப்பட்டேன். சாலை வந்தால் அவ்வூரின் தூய்மை கெடும், மோட்டாரும் கூச்சலும் புகும், வெறுங்கால் வழக்கம் அழியும் என்றெல்லாம் கீழே இருக்கும்போது நண்பர்களிடம் உரக்க வாதித்ததும் உண்டு. அந்தக் கழியைப் பார்த்த பிறகு அப்படி வாதிக்க எனக்கு நா எழவில்லை. இதே வெள்ளகெவி ஊராட்சியைச் சேர்ந்த சின்னூர், பெரியூர் ஜனங்களும் பிரசவ வேதனைப்படும் பெண்களை இப்படித்தான் ஆற்றைக் கடந்து சுமந்து இறக்கியிருக்கிறார்கள். காட்டின் பெருமையை நானும் உணர்ந்தவன். காட்டை வெட்டிச் சாலை போடுவதன் கேடுகளையும் அறிந்தவன். ஆயினும் இரண்டு நாள் பொழுதுபோக்காக ஆறு கிலோவையும் பதினான்கு கிலோவையும் சுமந்தவர்கள், ஆயுள் முழுவதும் மனிதரைச் சுமப்பவர்களுக்குப் பாதையின் அழகைப் போதிப்பது நியாயமல்ல.

இரவில் தங்க, வழித்துணைவர் தம் தோட்டத்து மேட்டில், பயிரில்லாமல் கிடந்த ஒரு படிவயலைக் கொடுத்தார். கூடாரத்தை அவிழ்த்தபோது, வாடகைக்குக் கொடுத்தவர் கவனிக்காமல் விட்ட ஒரு கம்பு முறிந்திருந்தது தெரிந்தது. என் மனைவி ஒரு நிமிஷம்கூடக் கலங்காமல், மூங்கில் குச்சி ஒன்றைச் சீவி முறிவின் மேல் வைத்துத் தன் தலைமயிர் நாடாவால் இறுகக் கட்டிவிட்டாள். வெளியே தீ மூட்டிக் குளிர்காய வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள், நாங்கள் மூட்டவில்லை. தெற்கே இருண்டு கிடந்த பள்ளத்தாக்குக்கு அப்பால், போடி மலைகளின் பக்கம் கையைக் காட்டினேன். அங்கே குரங்கணியில் 2018 மார்ச் 11-ஆம் தேதி காய்ந்த புல்லில் பற்றிய காட்டுத்தீ, மலையேறி மகிழ வந்த இளைஞர் கூட்டத்தைச் சூழ்ந்து இருபதுக்கு மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. அவர்களும் எங்களைப் போலவே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, உற்சாகமாகப் பாடிக்கொண்டு புறப்பட்டிருப்பார்கள். பகலில் நாங்கள் வாசம் பிடித்து வந்த புல்லும் அத்தகையதுதான் என்று சொன்னதும், என் மகன் தீயைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. அடுப்படியில் வெந்த சோறும், பொங்கலுக்கு உரித்து மீந்த மொச்சைக் குழம்பும் வீட்டுக்குள்ளிருந்தே எங்களுக்கு வந்தன.

இரவு எட்டு மணிக்கு உஷ்ணமானி 13 டிகிரி காட்டிற்று. கீழே பெரியகுளத்தின் விளக்குகள், அப்பால் தேனியின் விளக்குகள். மேலே கார்த்திகைக் கொத்தும், செந்நிறத் திருவாதிரையும், அதன் கீழ் அந்த வானத்திலேயே அதிகமாக ஜொலிக்கும் ஒரு வெள்ளை நட்சத்திரமும். என் தாயார் நட்சத்திரங்களைப் பார்க்கவில்லை. பெரியகுளத்து வெளிச்சத்தில் தம் பிறந்த தெரு எந்தப் பக்கம் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "ராத்திரி எங்க தாத்தா மேல இருந்தா, பாட்டி திண்ணையில உக்காந்து மலையையே பாத்துக்கிட்டு இருக்குமாம். அது பாத்த மலையில இப்ப நான் இருக்கேன்" என்றார். நடு இரவில் ஒரு கேளையாடு நாய் குரைப்பது போலக் குரைத்தது. என் மகன் கூடாரத்துக்குள் என் பக்கம் நகர்ந்து வந்து படுத்துக்கொண்டான்.

விடிவதற்கு முன்பே, ஓடைப் பக்கத்திலிருந்து சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை எங்களை எழுப்பிற்று. ராகம் ஒன்றைத் தொடங்கி, பாதியில் மறந்து, வேறொன்றைத் தொடங்கி, அதையும் முடிக்காமல் விட்டுவிடும் அந்தக் கானத்தைக் கேட்டுக்கொண்டே கூடாரங்களைச் சுருட்டினோம். துணியெல்லாம் பனியில் நனைந்து முந்தின நாளைவிடக் கனத்தது.

இரண்டாம் நாள் ஏற்றம் செங்குத்தானது. அதைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. ஏறினோம், நின்றோம், ஏறினோம். சோலைக்காட்டுக்குள் நுழைந்தபோதுதான் மூச்சு சீரடைந்தது. அங்கே மரங்கள் உயரமில்லை. ஆனால் ஒவ்வொரு கிளையிலும் பாசியும் பெரணியும் கல்வாழை போன்ற மடல்களும் அடர்ந்து, மரமே ஒரு தோட்டமாக நின்றது. பழனி மலையின் மேற்பகுதியில் பள்ளங்களில் சோலையும் முதுகுகளில் புல்வெளியும் என்பதே இயற்கையின் ஏற்பாடு. மேட்டில் உறைபனி இளஞ்செடிகளைக் கருக்கிவிடுவதால் அங்கே சோலை மரம் எளிதில் வளர்வதில்லை. புல்லோ, மழையை வாங்கி வேரில் நிறுத்தி, கோடையிலும் கசியவிடுகிறது. கும்பக்கரையில் என் தாயார் தலையில் தெளித்துக்கொண்ட நீர் இத்தகைய புல்லும் சோலையும் கொடுத்ததே.

சோலையை விட்டு வெளியே வந்ததும் நான் எதிர்பார்த்தது புல்வெளி. கண்டதோ சீகையும் யூகலிப்டஸும். 1867-இல் பார்ட்ரிட்ஜ் என்ற ராணுவ அதிகாரி ஆஸ்திரேலியாவிலிருந்து தருவித்து நட்ட வகை மரங்கள், பின்னர் தோல் பதனிடும் பட்டைக்காகவும் காகிதக் கூழுக்காகவும் அரசாங்கத்தாலேயே மலை மலையாகப் பயிரிடப்பட்டன. 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துபோயிற்று என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மரம் நடுவதெல்லாம் புண்ணியம் என்று பள்ளியில் கற்ற என் மகளுக்கு இது பெரும் குழப்பத்தை உண்டாக்கிற்று. "மரம் இருந்தும் இது காடு இல்லையாப்பா?" என்று கேட்டாள். சீகை மரத்தடியில் குனிந்து பார்க்கச் சொன்னேன். காய்ந்த பட்டையும் சருகும் தவிர அங்கே ஒன்றுமில்லை. சற்று முன் சோலையில் ஒரே ஒரு கிளையில் அவள் எண்ணிய ஒன்பது வகைச் செடிகளை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, மேற்கொண்டு கேட்கவில்லை.

பகல் ஒரு மணிக்கு, டால்பின் மூக்கு என்று அழைக்கப்படும் பாறையின் பக்கமாக வட்டக்கானலை அடைந்தோம். கடைகள், கூட்டம், வறுத்த சோளத்தின் மணம், பாட்டு. மதுரையிலிருந்து அன்று காலையில் புறப்பட்டுக் காரில் வந்திருந்த ஒரு குடும்பத்தார், நாங்கள் வந்த பாதையைக் காட்டி, "கீழ என்ன இருக்கு?" என்று வினவினார்கள். "ஒரு ஊர் இருக்கு" என்றார் என் தாயார். வழித்துணைவர் எங்களிடம் விடைபெற்றுக்கொண்டு, அங்கே தயாராக வைத்திருந்த ஒரு சிமென்ட் மூட்டையைக் குதிரையின் மேல் ஏற்றக் கை கொடுத்துவிட்டு, தாம் ஒரு சீனி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே இறங்கினார். சரிவின் வளைவில் மறையும் வரையில் என் தாயார் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று மாலை பஸ்ஸில் திரும்பினோம். இரண்டு நாள் ஏறிய உயரம் ஒரு சில மணி நேரத்தில் எங்கள் காலுக்கடியில் கரைந்தது. பிள்ளைகள் ஏறியவுடனே உறங்கிவிட்டார்கள். வத்தலக்குண்டு விளக்குகள் தெரியத் தொடங்கியபோது, என் மகளின் சட்டைக் கழுத்து ஒதுங்கி, வலது தோளில் பையின் வார் அழுத்திய இடம் சிவந்து தடித்திருப்பதை என் தாயார் கண்டார். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, மூட்டு வலிக்காகக் கொண்டுவந்திருந்த தேங்காயெண்ணெய்ச் சீசாவை எடுத்து, இரண்டு சொட்டு விரலில் ஏந்தி, அவள் விழித்துக்கொள்ளாதபடி அந்தச் சிவப்பின் மேல் மெல்லத் தடவினார். தடவி முடித்த பிறகும் விரலை எடுக்கவில்லை.